'ஹாரி பிரவுன்': பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்காவது பரிந்துரைத்தால் பார்த்து முடித்த அன்றிரவே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். முதல் பதிலைத் தாண்டினால் முழுக் கதையும் வெளியே வந்துவிடும், படம் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இது என்ன படம், பார்க்கலாமா?

2009-ல் வந்த பிரிட்டிஷ் படம். இயக்குநர் டேனியல் பார்பருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம், எழுதியவர் கேரி யங். தென் லண்டனில் ஒரு பெரிய கவுன்சில் குடியிருப்பில் தனியாக வாழும் முன்னாள் மரீன் வீரராக மைக்கேல் கெய்ன் நடித்திருக்கிறார். நண்பனைக் கொன்ற இளைஞர் கூட்டத்தை அந்தக் கிழவர் தேடிப் போகிறார், அவ்வளவுதான் கதை. பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ். வன்முறை உண்டு, போதை ஊசி உண்டு, பாலியல் சுரண்டல் உண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படமில்லை. நல்ல படமா என்றால், முதல் முக்கால் மணி நேரம் மிக நல்ல படம். அதற்கப்புறம் சண்டை போடலாம், அதற்குத்தான் மிச்சப் பக்கம் முழுவதும்.

கதையை ஒரு தடவை வரிசையா சொல்லுங்க, யார் யாரைக் கொன்னாங்கன்னே குழம்பிடுச்சு

ஹாரியின் மனைவி கேத் மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். அழைப்பு வந்ததும் ஓடுகிறார், ஆனால் குறுக்கு வழியான சுரங்கப்பாதையில் இளைஞர்கள் கூடி நிற்பதால் பயந்து சுற்றுவழியில் போகிறார். போய்ச் சேர்வதற்குள் மனைவி போய்விடுகிறார். மிச்சமிருக்கும் ஒரே துணை லென், பப்பில் கூட உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் நண்பர். இளைஞர்களின் தொல்லை தாங்காமல் லென் பழைய துப்பாக்கிமுனைக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு திரிகிறார். அந்தச் சுரங்கப்பாதையிலேயே அவரைக் கொன்றுவிடுகிறார்கள். போலீஸ் சிலரைப் பிடித்து விசாரிக்கிறது, ஒன்றும் தேறவில்லை.

அதற்கப்புறம் ஹாரி. குடித்துவிட்டு வீடு திரும்பும்போது கத்தி காட்டிக் கொள்ளையடிக்க வந்த டீனை அதே கத்தியால் கொல்கிறார். துப்பாக்கி வாங்கப் போன இடத்தில் ஸ்ட்ரெட்ச், கென்னி இருவர். பிறகு மார்ட்டிண்டேல் என்ற போதை வியாபாரி. மார்க்கி என்ற பையனைப் பிடித்துச் சித்திரவதை செய்து, அவனைத் தூண்டிலாக வைத்துச் சுரங்கப்பாதையில் நடத்தும் சண்டையில் கார்ல். மார்க்கி இரண்டு பக்கத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் மாட்டிச் சாகிறான். கடைசியில் பப்பில் கூட்டத் தலைவன் நோயல். ஆக ஹாரி கையால் செத்தவர்கள் ஆறு பேர், மார்க்கியின் கணக்கை யார் தலையில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

இப்படி ஒரு இடம் நிஜமாவே இருந்துச்சா? செட்டா?

நிஜம்தான். லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காஸில் பக்கத்தில், வால்வர்த் பகுதியில் இருந்த ஹேகேட் எஸ்டேட். நம்மூர் ஹவுசிங் போர்டு அடுக்குமாடி மாதிரி அரசு வாடகைக் குடியிருப்பு, ஆனால் ரொம்பப் பெரிசு. 1974-ல் கட்டி முடிக்கப்பட்டது, 1,200 வீடுகளுக்கு மேல். படம் எடுத்த நேரத்தில் இடிப்பதற்காக ஆட்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். திரையில் தெரியும் பாழடைந்த தோற்றத்தில் பாதி அதனால் வந்தது, குற்றத்தால் வந்ததல்ல. 2014-க்குள் முழுவதும் இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் விலை உயர்ந்த புது வீடுகள் வந்துவிட்டன.

அங்கே குடியிருந்தவர்கள் பலருக்குக் கோபம். சினிமாக்காரர்களும் செய்தித்தாள்காரர்களும் சேர்ந்து தங்கள் வீட்டை நரகமாகக் காட்டிக்காட்டியே இடிப்பதற்கு நியாயம் தேடிக்கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். படத்தைப் பார்க்கும்போது இது மனதில் இருப்பது நல்லது.

மைக்கேல் கெய்ன் எதுக்கு இந்த வயசுல இந்த மாதிரி படம்?

அவர் அந்தப் பகுதியில் வளர்ந்த ஆள். 1933-ல் பிறந்தவர், நிஜப் பெயர் மாரிஸ் மிக்கிள்வைட், அப்பா மீன் சந்தையில் சுமை தூக்கியவர். கட்டாய ராணுவ சேவையில் கொரியப் போருக்குப் போய்ச் சண்டை போட்டவர். அதனால் கை நடுங்கும் கிழவன் துப்பாக்கியைத் தொட்டதும் நடுக்கம் நின்றுபோவதை அவர் செய்து காட்டும்போது நடிப்பு என்றே தோன்றாது. 1971-ல் 'கெட் கார்ட்டர்' படத்தில் அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கும் ரவுடியாக நடித்தவரும் இவரே. அதில் வெறும் குளிர்ச்சி. இதில் மூச்சிரைப்பு. ஹாரிக்கு எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய், ஒரு துரத்தலின் நடுவில் மூச்சு முட்டிக் கீழே விழுந்துவிடுகிறார். பழிவாங்கும் படங்களில் நாயகன் இப்படி விழுந்து நான் பார்த்தது குறைவு.

போலீஸ் பிடிச்ச பசங்களை ஏன் விட்டாங்க? அங்க சட்டம் அவ்வளவு லூசா?

லூசு இல்லை. விசாரணை அறையில் அந்தப் பையன்கள் வாயே திறப்பதில்லை, திறந்தால் அசிங்கமாகப் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் 1994-ல் வந்த சட்டத்தின்படி மௌனமாக இருந்ததை வைத்து ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரலாம்தான், ஆனால் மௌனம் ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. சாட்சி வேண்டும், தடயம் வேண்டும். சாட்சி சொல்ல அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தைரியமில்லை, ஹாரியையும் சேர்த்துத்தான். சுரங்கப்பாதையில் நடப்பதையெல்லாம் ஜன்னலிலிருந்து பார்த்தவர்தானே அவரும்.

லென் செத்தது அவருடைய கத்தியாலேயே என்பதால், பையன்கள் தற்காப்பு என்று சொன்னால் கொலைக் குற்றம் குறைந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் ஃப்ராம்ப்டன் சொல்லும் இடம் ஹாரியை உடைக்கிறது. சட்டம் அப்படியே அல்ல, தற்காப்பு முழுமையாக ஏற்கப்பட்டால் விடுதலைதான், படம் இதைக் கொஞ்சம் வளைத்துவிட்டது. ஆனால் ஒரு கிழவர் பயத்தில் எடுத்துப் போன கத்தியே அவருக்கு எதிரான வாதமாக மாறுகிறது என்ற விஷயம் உண்மையான வழக்குகளிலும் நடக்கக்கூடியதுதான்.

டீனைக் கொன்னது தற்காப்புதானே, அதுல என்ன தப்பு?

அந்த ஒரு கொலைக்கு மட்டும் ஹாரி நீதிமன்றத்தில் தலைநிமிர்ந்து நின்றிருக்கலாம். 1967-ம் ஆண்டு குற்றவியல் சட்டம் நியாயமான அளவு பலத்தை அனுமதிக்கிறது. 2008-ல் வந்த சட்டம் இன்னும் தெளிவாக, அந்தப் பதற்றத்தில் ஒருவர் நேர்மையாக, யோசிக்க நேரமில்லாமல் தேவை என்று நினைத்துச் செய்ததை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. இருட்டு, தனிமை, நெஞ்சுக்கு நேரே கத்தி, எழுபது தாண்டிய ஆள். ஆனால் அவர் போலீசுக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

எல்லை எங்கே என்பதற்கு பிரிட்டனில் எல்லோரும் சொல்லும் வழக்கு டோனி மார்ட்டினுடையது. 1999-ல் நார்ஃபக்கில் தன் பண்ணை வீட்டில் இரவில் புகுந்த இரண்டு திருடர்களைச் சுட்டார், உரிமமில்லாத துப்பாக்கியால். 16 வயதுப் பையன் முதுகில் குண்டுபட்டுச் செத்தான். 2000-ல் கொலைக் குற்றம் நிரூபணமானது. மேல்முறையீட்டில் 2001-ல், அவருடைய மனநிலையைக் காரணம் காட்டிக் கொலையல்லாத மரணக் குற்றமாகக் குறைத்தார்கள், 2003-ல் வெளியே வந்தார். நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. 'ஹாரி பிரவுன்' அந்தச் சத்தம் அடங்காத ஊரில் எடுத்த படம்.

துப்பாக்கி வாங்கப் போற சீன்ல அவர் செஞ்சது நல்லதுதானே? அந்தப் பொண்ணைக் காப்பாத்தினாரே?

படத்தின் உச்சம் அந்தக் காட்சிதான். முதலில் ஏன் அங்கே போக வேண்டும்? டன்பிளேன் பள்ளியில் 1996-ல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள். கடையில் கிடைக்காது. ஆகவே கஞ்சாச் செடிகள் வளர்க்கும் அந்தப் புகைக் குகைக்குள் ஸ்ட்ரெட்ச் முன்னால் போய் உட்காருகிறார். ஷான் ஹாரிஸ் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கும் விதம் இரண்டு நாள் தூக்கத்தில் வரும். சோபாவில் ஒரு பெண் அளவுக்கு மீறிய போதையில் செத்துக்கொண்டிருக்கிறாள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஹாரி அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார், அவர்கள் சிரிக்கிறார்கள், அப்புறம் நடப்பது தெரியும். ஸ்ட்ரெட்சின் துப்பாக்கி சரியான நேரத்தில் சுடாமல் போனதும், ஆயுதத்தைப் பராமரிக்கவில்லை என்று ஒரு பழைய ராணுவ வாத்தியார் மாதிரி ஹாரி அவனைக் கடிந்துகொள்கிறார். அங்கேதான் தியேட்டரில் கைதட்டல் விழும். பெண்ணைக் காப்பாற்றியது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், அவள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி என்ன? கொலை செய்வதற்குத் துப்பாக்கி வாங்க வந்த ஒருவர், விற்றவர்களைக் கொன்று, இடத்தைக் கொளுத்தி, சரக்கை அள்ளிக்கொண்டு போகிறார். அந்தப் பெண்ணுக்கு வசனமே கிடையாது. ஹாரியை நாம் மன்னிப்பதற்காகவே அவளை அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆதாரமே இல்லாதப்ப அந்த மனுஷன் வேற என்னதான் பண்ணுவார்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஆதாரம் இருந்தது. மார்க்கியைக் கட்டிவைத்து அடிக்கும்போது அவன் தன் செல்போனைக் காட்டுகிறான். லென் மீதான தாக்குதலை அந்தப் புத்திசாலிகள் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் யார் இருந்தார்கள் என்று அதில் தெரிகிறது. போலீஸ் தேடித்தேடிக் கிடைக்காத ஒரே பொருள் ஹாரியின் கையில் இருக்கிறது, கூடவே நேரில் பார்த்த சாட்சியும் நாற்காலியில் இருக்கிறான்.

அதுவரை அவர் செய்ததற்கு "சட்டத்தால் முடியவில்லை" என்று ஒரு காரணம் சொல்லலாம். போனைப் பார்த்த நிமிடத்திலிருந்து அந்தக் காரணம் செல்லாது. அவர் ஃப்ராம்ப்டனைக் கூப்பிட்டிருக்கலாம். சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது என்பது சரி, ஆனால் போனில் இருக்கும் படம் வேறு விஷயம், அது எப்படிக் கிடைத்தது என்பதற்காகவே நீதிபதி அதைத் தூக்கி எறிந்துவிட மாட்டார். யார் கொடுத்தது என்று சொல்லாமல் காவல் நிலைய வாசலில் போட்டிருந்தாலும் வழக்கு உயிர்பெற்றிருக்கும். அவர் நண்பன் சாகும் காட்சியைப் பார்க்கிறார், பிறகு மார்க்கியை இழுத்துக்கொண்டு சுரங்கப்பாதைக்குப் போகிறார். நீதி தேவைப்பட்ட ஆளுக்கு அந்தப் போன் போதும். அவருக்குத் தேவைப்பட்டது வேறு ஒன்று. படம் இந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்காமல் நகர்ந்துவிடுகிறது, அதனால்தான் முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

மார்க்கியைப் பார்த்தா பாவமா இருக்கே, அவனும் கூட்டத்துல ஒருத்தன்தானே?

இரண்டும் சேர்ந்துதான். மார்க்கியாக நடித்த ஜாக் ஓ'கானல் அப்போது பதின்வயதை இன்னும் தாண்டவில்லை, அந்த முகத்தில் திமிரும் அழுகையும் ஒன்றாக நிற்கும். லென் சாகும்போது அவனும் இருந்தான். அதே பையனைப் போதை வியாபாரி மார்ட்டிண்டேல் தன் இச்சைக்குப் பயன்படுத்துவதை ஹாரி கண்ணால் பார்க்கிறார். பார்த்து வியாபாரியைச் சுடுகிறார். சரி, அப்புறம்? அந்தப் பையனையே கடத்திக்கொண்டு போய் அடிக்கிறார்.

போதையில் கிடந்த பெண்ணுக்கு மருத்துவமனை, இவனுக்குச் சித்திரவதை. இருவரும் ஒரே மாதிரி சுரண்டப்பட்டவர்கள்தான். வித்தியாசம் என்னவென்றால் இவன் ஹாரிக்குப் பயன்படுவான். பயன் முடிந்ததும் செத்துப்போகிறான், யாரும் அவனுக்காக ஒரு பூவைக்கூட வைத்துக் காட்டுவதில்லை. முன்பு போன் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். போனைக் கொடுத்திருந்தால் மார்க்கி உயிரோடு சாட்சிக் கூண்டில் நின்றிருப்பான்.

ஃப்ராம்ப்டன் என்ன போலீஸ், கடைசி வரைக்கும் ஒண்ணுமே பண்ணலையே?

அந்த வேடத்தில் நடித்த எமிலி மார்ட்டிமரை ரொம்ப மென்மை என்று திட்டுபவர்கள் அதிகம். எனக்கோ படத்தில் மூளையோடு வேலை செய்யும் ஒரே ஆள் அவர்தான். ஹாரிதான் செய்கிறார் என்று முதலில் கண்டுபிடிப்பது அவர், மேலதிகாரி சைல்ட்ஸ் அதைக் காதில் வாங்குவதில்லை. கிழவர் ஒருவர் இதையெல்லாம் செய்தார் என்று பத்திரிகையில் வந்தால் காவல்துறைக்கு அசிங்கம். அதற்குப் பதிலாக சைல்ட்ஸ் ஊருக்கே தெரியும்படி ஒரு பெரிய சோதனை வேட்டை நடத்துகிறார், குடியிருப்பு தீப்பிடித்து எரிகிறது. முடிவில் அதே சைல்ட்ஸ் பத்திரிகையாளர்கள் முன் நின்று, தனிமனிதப் பழிவாங்கல் நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்கிறார், அதிகாரிகளுக்குப் பதக்கம் என்கிறார். இறந்துபோன சக அதிகாரி ஹிகாக்குக்கும் சேர்த்து. அந்த நேரத்தில் ஃப்ராம்ப்டன் முகத்தைப் பாருங்கள்.

"இது வட அயர்லாந்து இல்ல"ன்னு அவங்க சொல்றதுக்கு ஹாரி என்னமோ சொல்வாரே, அது சரியா?

ஹாரி மரீனாகப் பணியாற்றிய இடம் வட அயர்லாந்து. ஃப்ராம்ப்டன் அப்படிச் சொன்னதும், அங்கே இருந்தவர்கள் ஒரு நோக்கத்துக்காகச் சண்டை போட்டார்கள், இங்கே இவர்களுக்கு இது பொழுதுபோக்கு என்கிற மாதிரி பதில் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1969 முதல் 2007 வரை பிரிட்டிஷ் ராணுவம் அங்கே வீதிகளில் நின்ற கதையில் இது பாதிதான். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது பாராசூட் படையினர் சுட்டு 13 பேர் அன்றே செத்தார்கள். செத்தவர்களால் ஆபத்து இருக்கவில்லை என்று சாவில் என்ற நீதிபதி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை சொன்னது 2010 ஜூனில், படம் வெளியாகிச் சில மாதம் கழித்து. பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

ஹாரி மரீன், பாராசூட் படை இல்லை, அந்தச் சம்பவத்தில் அவருக்குப் பங்கு இல்லை. நான் சொல்ல வருவது, வட அயர்லாந்தைப் படம் வெறும் பயிற்சிக் கூடமாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. யார் எதிரி என்று ஆயுதம் வைத்திருப்பவனே முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை அந்த மனிதர் அங்கே பார்த்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பழைய பதக்கங்களை எடுக்கிறார், அந்த நினைவு மட்டும் வெளியே வருவதில்லை.

2011 லண்டன் கலவரத்தை முன்னாடியே சொன்ன படம்னு சொல்றாங்களே?

மேலோட்டமாக ஒற்றுமை உண்டு. 2011 ஆகஸ்ட் 4 அன்று டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்பவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, இரண்டு நாள் கழித்து அங்கே தொடங்கிய கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. படத்திலும் போலீஸ் நடவடிக்கைக்கு அப்புறம்தான் தீ. ஆனால் படத்துக்குக் காரணங்களில் ஆர்வமில்லை, நாயகன் நடந்துபோக ஒரு எரியும் பின்னணி வேண்டியிருந்தது. தீர்க்கதரிசனம் என்பதெல்லாம் அதிகம்.

அப்போ இது ஏழைப் பசங்களை வெறுக்கிற படமா?

முக்கால்வாசி ஆமாம். அந்தக் காலத்துச் சூழலையும் பாருங்கள். 2005-ல் புளூவாட்டர் என்ற பெரிய வணிக வளாகம் தலையை மூடும் தொப்பிச் சட்டை போட்டவர்களுக்குத் தடை போட்டது, 'உடைந்த பிரிட்டன்' என்று அரசியல்வாதிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் நோயலுக்குப் பின்கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அடைக்கலம் கொடுக்கும் ஒரு மாமா உண்டு, அவரும் வில்லன்.

வேடிக்கை என்னவென்றால் நோயலாக நடித்தவர் பிளான் பி என்ற பெயரில் பாடும் பென் ட்ரூ. 2012-ல் இவர் கிழக்கு லண்டன் இளைஞர்களைப் பற்றித் தானே ஒரு படம் இயக்கினார், 'இல் மேனர்ஸ்'. இப்படிப்பட்ட பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான் அதில் விஷயமே. நோயலுக்குக் கிடைக்காத பின்கதையை அவனாக நடித்தவரே எழுதியது மாதிரி எனக்குப் பட்டது.

கடைசியில சுரங்கப்பாதை அமைதியாயிடுச்சே, அப்ப அவர் செஞ்சது பலன் குடுத்துச்சுன்னுதானே அர்த்தம்?

படம் அப்படித்தான் சொல்ல விரும்புகிறது, நான் மழுப்பவில்லை. மனைவியைக் கடைசியாகப் பார்க்க விடாத அந்தப் பாதையில் ஹாரி இப்போது நடந்து போகிறார், யாரும் இல்லை. ஆனால் எதனால் அமைதி? சைல்ட்ஸ் வேட்டையில் எத்தனையோ பேரைப் பிடித்துப்போயிருப்பார்கள். ஸ்ட்ரெட்சின் இடத்துக்கு வேறொருவன் வர எவ்வளவு நாள் ஆகும் என்று படம் கேட்கவே இல்லை, அந்த அமைதியை நல்ல நேரத்தில் வெட்டிவிட்டார்கள். குடியிருப்பே இடிப்பதற்கு முன் காலி செய்யப்பட்டுக்கொண்டிருந்தது என்று மூன்றாவது பதிலில் சொன்னேனே, அந்த நிஜம் இந்தக் காட்சிக்குள் தானாகவே புகுந்துகொள்கிறது.

ஹாரி முப்பது வயசு ஆளா இருந்தா இதே மாதிரி ரசிச்சிருப்போமா?

நல்ல கேள்வி, ஒரு தம்பி கேட்டார். ரசித்திருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். அதே காட்சிகளில் திடகாத்திரமான ஓர் ஆள் ஒரு பதின்வயதுப் பையனைக் கட்டிவைத்து அடிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள், வயிற்றைப் புரட்டும். இருமலும் நடுக்கமும் தனிமையும் சேர்ந்து நம்மை அவர் பக்கம் தள்ளிவிடுகின்றன. கெய்ன் அல்லாத வேறு முகமாக இருந்தாலும் இவ்வளவு தூரம் கூடப் போயிருக்க மாட்டோம்.

நான் கைதட்டினேன். என்கிட்ட ஏதோ கோளாறா?

இல்லை. லென் அழுதுகொண்டே கத்தியைக் காட்டும் காட்சிக்கு அப்புறம் கைதட்டாமல் இருப்பதுதான் கஷ்டம், திரைக்கதை அதற்காகவே கட்டப்பட்டது. நானும் ஸ்ட்ரெட்ச் காட்சியில் தட்டினேன், இப்போதும் தட்டுவேன். போன் வரும் இடத்திலிருந்து ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறமும் தட்டத் தோன்றினால் நாம் உட்கார்ந்து பேசலாம்.

இதே மாதிரி வேற பிரிட்டிஷ் படம் சொல்லுங்க

ஷேன் மெடோஸ் இயக்கிய 'டெட் மேன்ஸ் ஷூஸ்', 2004. பேடி கான்சிடைன் நாயகன், மெடோஸோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவரும்கூட. இங்கேயும் ராணுவத்திலிருந்து திரும்பிய ஆள், மனவளர்ச்சி குன்றிய தம்பியைக் கொடுமைப்படுத்திய உள்ளூர்க் கூட்டத்தைத் தேடி டெர்பிஷர் சிற்றூருக்கு வருகிறான். சின்னச் செலவில் எடுத்தது. 'ஹாரி பிரவுன்' நிற்காமல் தாண்டிப்போன இடத்தில் இது நின்று, செய்தவனையே பேச வைக்கிறது. முடிவை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாருங்கள்.